எண்ணெய் அவங்ககிட்ட, அப்புறம் ஏன் பம்முறாங்க?

தண்டையார்பேட்டை டிரைவர்: மணலிக்கு டேங்கர் ஓட்றேன்பா. சவூதிகிட்ட அவ்ளோ எண்ணெய் கீது, ஆனா அமெரிக்கா சொன்னா தலையாட்டுறாங்களே, இன்னா மேட்டர்?

காசிமேட்டுக்காரன்: 1945-லேயே ஆரம்பிச்சதுண்ணே. சூயஸ் கால்வாய்ல நின்ன போர்க்கப்பல்ல அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் சவூதி மன்னர் இப்னு சவூதும் உக்காந்து பேசினாங்க. எண்ணெய் சவூதிலேர்ந்து, காவல் அமெரிக்காலேர்ந்து.

பழைய வெல்டர், ராயபுரம்: எப்பவுமே பம்மல தம்பி. 1973-ல சவூதியும் மத்த அரபு நாடுங்களும் அமெரிக்காவுக்கு எண்ணெய் சப்ளையை நிறுத்தினப்போ பீப்பாய் 3 டாலர்லேர்ந்து 12 கிட்ட ஏறிச்சு. ஆனா 2019-ல நான் சவூதில தம்மாம்ல இருந்தேன். பக்கத்துல அப்கைக் எண்ணெய் ஆலையை ட்ரோன் அடிச்சுது, நாட்டோட பாதி உற்பத்தி படுத்துச்சு. ஈரான்தான்னு சொன்ன அமெரிக்கா, பதிலுக்கு ஒரு குண்டு போடல. மாமூல் வாங்கின பேட்டை அண்ணன், சண்டைன்னதும் போன் எடுக்கல பாரு, அந்தக் கதைதான்.

தண்டையார்பேட்டை டிரைவர்: அப்போ 1991-ல ஈராக் புடிச்ச குவைத்தை மீட்க மட்டும் அமெரிக்காக்காரன் ஓடியாந்தானே?

பழைய வெல்டர், ராயபுரம்: அன்னிக்கி அவனுக்கே வெளிநாட்டு எண்ணெய் தேவை ஜாஸ்தி. இப்போ அவன் ஊர்லயே தோண்டுறான்.