விங்ஸ்பானைத் தமிழில் எப்படி எழுதுவது?

நண்பர்களே, ஒரு சொல்லுக்கு உதவி வேண்டும். கூந்தன்குளத்துப் பறவைகள் பற்றி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சுவர் அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் விங்ஸ்பானுக்கு என்ன போடுவது என்று மூன்று நாளாக முழிக்கிறேன்.

'இறக்கை நீளம்' என்று முதலில் எழுதினேன், அது தப்பு. அது ஒற்றை இறக்கையின் அளவு, மடக்கிய இறக்கையின் மணிக்கட்டு மூட்டிலிருந்து நுனி வரை அளப்பது. விங்ஸ்பான் என்றால் இரண்டையும் முழுசாக விரித்தால் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை, நடுவில் இருக்கும் உடம்பும் சேர்த்தி. மஞ்சள் மூக்கு நாரைக்கு அது சுமார் ஒன்றரை மீட்டர், பெரிய அல்பட்ராஸுக்கு மூன்றரை மீட்டர் வரைகூடப் போகும். ஏ380 விமானத்துக்கு ஏறக்குறைய 80 மீட்டர், அங்கேயும் இதே கணக்குதான்.

'இறக்கை விரிப்பளவு' சரியா, இல்லை 'சிறகு வீச்சு' நல்லதா? வீச்சு என்றால் பிள்ளைகள் சிறகடிப்பதை நினைத்துவிடுவார்களோ என்று பயம். அப்புறம், கடலோரத்தில் இரண்டு கையையும் விரித்துக் கயிற்றை அளந்து 'பாகம்' என்பார்களே, அந்த மாதிரி பறவைக்கும் பேச்சுவழக்கில் ஒரு சொல் இருக்கிறதா? யாருக்காவது தெரிந்தால், எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அட்டையை அச்சுக்குக் கொடுக்கணும்.