லியோனில் ஞாயிறு விருந்து: வீட்டுக் குழுவில் பேசியது

கார்த்திக்: அம்மா, அப்பா, ஒரு செய்தி. நீங்கள் பிரான்ஸில் லியோன் வந்து இறங்குகிற வாரமே ஞாயிறு மதியம் க்ளேர் வீட்டில் விருந்து. 12.30 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா: ரொம்ப சந்தோஷம் கண்ணா. சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போகிறோம், வெறுங்கையோடு போகக் கூடாது. வழியில் பூக்கடையில் மஞ்சள் சாமந்தியாக ஒரு கொத்து வாங்கிக்கொள்ளலாமா?

விஜி சித்தி: அக்கா, சாமந்தி மட்டும் வேண்டாம்! இங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் 1 துசேன் பண்டிகை வந்தால் கடை வாசலெல்லாம் சாமந்தித் தொட்டிதான், எல்லாம் சமாதிக்குப் போகும். ஜூன் மாதம் பியோனி நன்றாகக் கிடைக்கும், அதை வாங்கு.

அம்மா: நல்லவேளை கேட்டேன். அப்போ ஊரிலிருந்து பால்கோவா கொண்டுவரட்டுமா?

விஜி சித்தி: அதுவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால் பொருள், இறைச்சிப் பொருள் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்து வரத் தடை. விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். முறுக்கு கொண்டு வா. ஒரு பித்தளை டபரா செட்டும் எடுத்து வா, வீட்டில் வைத்துக்கொள்வார்கள்.

அப்பா: 12.30 என்றால் நாம் 12.15-க்கே போய்விடலாம். முதல் நாளே தாமதம் என்று பேர் வாங்கக் கூடாது.

விஜி சித்தி: அத்தான், முன்னாடி போனால்தான் அவர்களுக்குச் சங்கடம். அடுப்பில் வேலை முடிந்திருக்காது. வீட்டு விருந்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்திப் போவதுதான் மரியாதை. அதற்குக் 'கார் தேர் தெ பொலித்தெஸ்' என்றே பெயர். 12.40-க்கு மணியடியுங்கள்.

நிலா: அலியான்ஸ் பிரெஞ்சு வகுப்பில் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவே இல்லை சித்தி. காய்கறி பெயர், நிறம், கிழமைதான் இதுவரைக்கும்.

விஜி சித்தி: அதுவும் வேண்டும் நிலா. ஆனால் அம்மாவுக்கு இப்போது கத்திரிக்காயை எப்படிச் சொல்வது என்று தெரிய வேண்டாம். மேஜையில் வாங்குவதற்கும் மறுப்பதற்கும் வாய் வர வேண்டும்.

அம்மா: கார்த்திக் பக்கத்தில் இருப்பானே, அவன் சொல்ல மாட்டானா?

விஜி சித்தி: பக்கத்தில் இருக்க மாட்டான் அக்கா. இங்கே விருந்தில் குடும்பத்துக்காரர்களைக் கலந்துதான் உட்கார வைப்பார்கள். அத்தான் ஒரு மூலை, நீ ஒரு மூலை. உன் ஒரு பக்கம் க்ளேரின் அப்பா, இன்னொரு பக்கம் அவளுடைய பாட்டி என்று வைத்துக்கொள். ஒவ்வொரு வாய்க்கும் கார்த்திக்கைத் தேட முடியுமா? வேண்டியதை நீயே கேட்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கார்த்திக்: சித்தி சொல்வது நிஜம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்போம் அம்மா, அதற்கு மேலும் போகும்.

அப்பா: மூன்று மணி நேரமா! அப்படி என்ன சாப்பாடு?

விஜி சித்தி: முதலில் அப்பெரோ, கொறிக்க ஏதாவதும் கையில் ஒரு கோப்பையும். அப்புறம் மேஜைக்குப் போய் ஆந்த்ரே, அது சின்னத் தட்டு. பிறகு பிளா, அதுதான் முக்கியச் சாப்பாடு. அதன் பின் ஃப்ரோமாஜ் என்கிற சீஸ், தெசேர் என்கிற இனிப்பு, கடைசியில் காப்பி. இனிப்போடு சேர்த்துக் காப்பி கேட்காதே, அது தனியாக வரும். இந்தச் சாப்பாட்டு முறையையே 2010-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் ஒரே இலையில் வருகிற பழக்கம் நமக்கு. இங்கே முதல் தட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் அப்புறம் திண்டாட்டம்.

அம்மா: நான் சைவம் என்று அவர்களுக்குத் தெரியுமா?

கார்த்திக்: சொல்லிவிட்டேன் அம்மா. கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். உனக்காகக் கிராத்தன் தோஃபினுவா செய்கிறார்களாம். உருளைக்கிழங்கை மெல்லியதாக அரிந்து பால், க்ரீம் விட்டு ஓவனில் வேக வைப்பது.

விஜி சித்தி: அருமை. ஆனாலும் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'வியாந்த் வேண்டாம்', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டு போட்ட சாலட் வரும், ஏனென்றால் சிலர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சின்னத் துண்டுக்கு லார்தோன் என்று பெயர். லியோன் சாலட்டே அதுவும் முட்டையும் போட்டுத்தான் வரும். அதனால் இதை அப்படியே மனப்பாடம் செய்: 'ஜெ நெ மான்ஜ் நி வியாந்த், நி புவாசோன்.' இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை.

நிலா: அப்பாவுக்கு?

விஜி சித்தி: அத்தானுக்கு மாடும் பன்றியும்தானே ஆகாது. மாடு 'பெஃப்', பன்றி 'போர்'. கோழி 'பூலே'. 'ஸ்தேக் அஷே' என்றால் கொத்திய மாட்டிறைச்சி. இந்த நாலு போதும்.

அம்மா: சீஸ் சாப்பிடலாம் இல்லையா?

விஜி சித்தி: அதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. இங்கத்திய பழைய முறைச் சீஸ்களில் பெரும்பாலானவற்றைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற நொதியால்தான் உறைய வைப்பார்கள். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். தட்டு சுற்றி வரும்போது 'நோன் மெர்சி', அதாவது 'வேண்டாம், நன்றி' சொல்லிப் பக்கத்திலிருப்பவரிடம் நகர்த்திவிடு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தான் எடுத்தால் முக்கோணத் துண்டின் கூர்முனையை வெட்ட வேண்டாம், அது எல்லாருக்கும் பங்கு. பக்கவாட்டில் நீளமாக வெட்டுங்கள்.

அப்பா: சரி. வேண்டும் என்றால் மெர்சி, வேண்டாம் என்றால் நோன் மெர்சி. பிடித்துக்கொண்டேன்.

விஜி சித்தி: ஐயோ அத்தான், அங்கேதான் சிக்கல். ஒன்றைப் பரிமாற வரும்போது வெறும் 'மெர்சி' சொன்னால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். பாத்திரம் அடுத்த ஆளிடம் போய்விடும், நீங்கள் பசியோடு உட்கார்ந்திருப்பீர்கள். நம் ஊர் மாதிரி 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்துகிற வழக்கம் இங்கே இல்லை. வேண்டும் என்றால் 'வ்வி, வொலோந்தியே'. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன் என்பது மாதிரி.

அப்பா: வொலோந்தியே. வொலோந்தியே. சரி.

நிலா: வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு என்ன சித்தி? அகராதியில் 'பிளேன்' என்று போட்டிருக்கிறதே?

விஜி சித்தி: அம்மா வாயில் அது வரவே கூடாது! சினையாக இருக்கிற மாட்டைச் சொல்கிற சொல் அது. 'ஜே பியேன் மான்ஜே', நன்றாகச் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

அம்மா: இடது கை மேஜைக்குக் கீழேதானே?

விஜி சித்தி: இல்லை அக்கா, இரண்டு மணிக்கட்டும் மேஜை மேல் தெரிய வேண்டும். ரொட்டியைத் தட்டில் வைக்காதே, விரிப்பின் மேலேயே வைத்துக் கையால் பிய்த்துச் சாப்பிடு. கவிழ்த்து வைத்தால் அபசகுனம் என்பார்கள்.

அம்மா: நம்ம ஊர் மாதிரியே சகுனமும் பார்க்கிறார்களே! க்ளேரின் அம்மாவை எப்படிக் கூப்பிட? சம்பந்திக்கு என்ன சொல்?

கார்த்திக்: அப்படி ஒரு சொல்லே இங்கே புழக்கத்தில் இல்லை அம்மா. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதலில் 'வூ' போட்டுப் பேசுவோம், நம்ம 'நீங்கள்' மாதிரி. 'த்யூ'வுக்கு மாறலாம் என்று அவர்களே சொன்னால் மாறிக்கொள்ளலாம்.

அம்மா: பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது கார்த்திக். ஆனாலும் பழகிக்கொள்கிறேன்.

விஜி சித்தி: இன்னொன்று, குழம்பிவிடாதே. க்ளேரின் அக்கா மகன் 'தத்தா' என்று கூப்பிட்டால் அவன் தேடுவது க்ளேரை, தாத்தாவை இல்லை. தத்தா என்றால் சித்தி, அத்தை எல்லாம்தான். 'மாமி' என்றால் பாட்டி. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் ஒரே 'தோன்தோன்'.

அம்மா: பாட்டிக்கு மாமியா! கேட்கவே நன்றாக இருக்கிறது. அந்தப் பாட்டி கன்னத்தில் முத்தம் கொடுத்தால்?

கார்த்திக்: நீ கை குவித்து வணக்கம் சொல் அம்மா. அவர்களுக்குத் தெரியும், காத்திருக்கிறார்கள்.

அம்மா: சமையல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல?

விஜி சித்தி: 'சே தெலிசியே.' அதைவிட, 'லா ரெசெத், சில் வூ ப்லே' என்று செய்முறையைக் கேட்டுப் பார். அந்த அம்மாள் அப்படி மகிழ்ந்துபோவார்.

அம்மா: அப்படியா, அந்த உருளைக்கிழங்கையே கேட்டு எழுதிக்கொள்கிறேன். விஜி, இதையெல்லாம் உன் குரலில் மெதுவாகப் பேசி அனுப்பு. நிலா எழுத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடட்டும்.

விஜி சித்தி: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்ததும் அனுப்புகிறேன் அக்கா. சாயங்காலம் வீடியோவில் வா, நான் பரிமாறுகிற மாதிரி கேட்பேன், நீ பதில் சொல்ல வேண்டும்.

அப்பா: நானும் வருகிறேன்.