மவுஸைத் தொடாமல் வேலை பார்ப்பவரை நேரில் கண்டதுண்டா?

பேரேடு
தணிக்கைக்கு வந்த அம்மையார் ஒருவர். மாதக் கடைசி, எக்ஸெல் கோப்பு, ஆயிரக்கணக்கில் வரிகள். நான் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிக் கீழே போய்க்கொண்டிருந்தேன். "கொஞ்சம் நகருங்கள் தம்பி" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? மவுஸைத் தூக்கி மானிட்டருக்குப் பின்னால் வைத்தார். கன்ட்ரோலும் கீழ் அம்பும், கடைசி வரி. இன்னும் ஓர் அம்பு, காலி செல். ஆல்ட்டும் சமக்குறியும், பிறகு எண்டர். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் கூட்டுத்தொகை வந்துவிட்டது. எழுந்து போனவர் மவுஸைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. அது அவமதிப்பா, அக்கறையா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வரிக்குவரி
மேலே எழுதியவருக்கு: அந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தீர்களா? நடுவில் ஒரு செல் காலியாக இருந்தால் கன்ட்ரோல் + அம்பு அதற்கு முன்பே நின்றுவிடும். காலிப் பத்தியில் அழுத்தினாலோ நேராக 10,48,576-ஆவது வரியில், எக்ஸெல்லின் அடிமட்டத்தில், கொண்டுபோய் இறக்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அங்கே இறங்கிவிட்டு, கோப்பு முழுவதும் அழிந்துபோனது என்று தொலைபேசியில் கதறினார். கன்ட்ரோலையும் ஹோமையும் அழுத்தி முதல் செல்லுக்குத் திரும்பச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை.

பக்கத்து இருக்கை
உங்கள் இருவருக்கும் இது வேகத்துக்கான வித்தை. என் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பார்வை இல்லை. விசைப்பலகை இல்லாமல் அவருக்குக் கணினியே இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் அவருக்குப் படித்துக்காட்டும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூட விளங்காது. வலைப்பக்கம் திறந்ததும் 'எச்' விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். நான் கண்ணால் தேடிக்கொண்டிருக்கும் பகுதியில் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் புதிய விடுப்பு விண்ணப்பப் பக்கம் வந்தது. டேப் தட்டுகிறார்: "பட்டன்." மறுபடியும் தட்டுகிறார்: "பட்டன்." மறுபடியும்: "பட்டன்." படங்களாக வைத்த பொத்தான்கள் எதற்கும் எவரும் பெயர் எழுதி வைக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இதில் எது 'அனுப்பு' என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். பக்கத்தை வடிவமைத்தவரிடம் புகார் சொன்னால், "மவுஸை மேலே கொண்டுபோனால் பெயர் தெரியுமே" என்கிறார்! அந்தப் பதில் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

தலைகீழ்
என் கதை சிறியது. பழைய கணினி ஒன்றில் கன்ட்ரோல், ஆல்ட்டோடு கீழ் அம்பும் சேர்ந்து அழுந்தித் திரை முழுவதும் கவிழ்ந்துவிட்டது. திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளான இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரின் திருவிளையாடல். சரிசெய்ய வந்தவர் மானிட்டரைத் தூக்கித் தலைகீழாக வைத்துவிட்டு, "இப்போதைக்கு ஓட்டுங்கள்" என்று கிளம்பிப் போனார். அதே இரண்டு விசைகளோடு மேல் அம்பை அழுத்தியிருந்தால் போதும்.

ஐபிஎம்மில், கணினியை மறுதொடக்கம் செய்வதற்காக கன்ட்ரோல் + ஆல்ட் + டெலிட்டை உருவாக்கிய டேவிட் பிராட்லி, கை தவறிப் பட்டுவிடக் கூடாது என்றே தள்ளித் தள்ளி இருக்கும் விசைகளைத் தேர்ந்தெடுத்தார். அந்த முன்யோசனை எல்லோருக்கும் வருவதில்லை.

புதியவர்களுக்குச் சொல்கிறேன், பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள், எவரும் படிப்பதில்லை. அன்றாடம் எரிச்சலூட்டும் ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள். உலாவியில் கை தவறி மூடிய தாவலா? கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. நகலெடுத்த எழுத்து பழைய நிறத்தையும் அளவையும் சுமந்துகொண்டு வருகிறதா? பல செயலிகளில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அதை உரித்துவிட்டு ஒட்டும். வேர்டில் வேறெங்கோ போய்விட்டீர்களா? ஷிஃப்ட் + எஃப்5 கடைசியாகத் திருத்திய இடத்துக்குத் திரும்ப அழைத்துவரும். விரல் அதைத் தானாகத் தேடத் தொடங்கிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். விண்டோஸ் + வி அழுத்தினால் நகலெடுத்தவை வரிசையாக வரும். 25 வரை நினைவில் வைத்திருக்கும். இதை இயக்காமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

மூன்றாவது வரி
'தலைகீழ்' நண்பரே, யாருக்குப் பாவம்? எங்கள் குழுத் தலைவர் புரொஜெக்டரில் திட்ட அறிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஏதோ எண்ணை ஒட்டுவதற்காக விண்டோஸ் + வி அழுத்தினார். பெட்டி திறந்தது. முதலில் எண், அடுத்து ஓர் இணைப்பு, மூன்றாவதாக, "தனிப்பட்ட காரணங்களால் எனது பணியிலிருந்து விலக". அறை முழுவதும் படித்தது. அவருடைய மேலாளர் உட்பட. அவர் எஸ்கேப்பை அழுத்திவிட்டு, "அடுத்த படம்" என்றார், குரலில் ஒரு பிசிறும் இல்லாமல். இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். அந்தப் பெட்டியிலேயே எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து உபதேசியுங்கள். கடவுச்சொல்லை நகலெடுப்பவர்களுக்கு இன்னும் அவசியம்.

வரிக்குவரி
எல்லாம் சரி, என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பேரேடு ஐயா, நடுவில் காலி செல் இருந்ததா, இல்லையா?

பேரேடு
இல்லை. அவர் போன பிறகு மவுஸைத் தேடி எடுத்து, உருட்டிப் பார்த்துவிட்டேன்.