‘புதூர் வீடு’ குழுவில் ஒரு கிளிப் பஞ்சாயத்து

சனிக்கிழமை, காலை 9:04

அப்பா: கணக்கில் 90-க்கு மேல் எடுத்தால் கிளி வாங்கித் தருகிறேன் என்று கவினிடம் வாய் விட்டுவிட்டேன். 94 எடுத்துத் தொலைத்துவிட்டான். எந்தக் கிளி வாங்கலாம், சொல்லுங்கள்.

அம்மா: வாக்குக் கொடுத்தது நீங்கள். கூண்டு கழுவப் போவது யார் என்பதையும் இங்கேயே எழுதிவிடுங்கள்.

அம்மா: நான் கழுவுவேன். பேசுகிற கிளிதான் வேண்டும். என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பெரியப்பா: உன் பேரைக் கிளி எதற்கம்மா கூப்பிட வேண்டும்?

நித்யா: பெரியப்பா, அது கவின். அம்மா போனிலிருந்து எழுதுகிறான்.

பெரியப்பா: அப்படியா. சரி, இதற்கு என்ன யோசனை? பச்சைக்கிளிதான். நாம் சின்ன வயதில் பார்க்காத கிளியா? சைக்கிளில் கூடையோடு வருகிற ஆளிடம் சொல்லிவைத்தால் குஞ்சாகவே கொண்டுவந்து கொடுப்பான்.

ப்ரியா அக்கா: அப்பா, முதலில் அந்த மெசேஜை அழியுங்கள். பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்துக்கொள்வது எல்லாமே குற்றம். 3 வருடம் வரை ஜெயில், இல்லையென்றால் 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பெரியப்பா: அப்போ கிளி ஜோசியக்காரன்?

ப்ரியா அக்கா: அவருக்கும் அதே சட்டம்தான். தோளில் சிவப்புத் திட்டோடு பெரிதாக ஒரு கிளி இருக்கும். ‘இது மலைக்கிளி சார், இதற்குச் சட்டம் கிடையாது’ என்று விற்பார்கள். அதையும் நம்பாதீர்கள். பொந்திலிருந்து கண் திறக்காத குஞ்சுகளை அள்ளி, பையில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். பாதி வழியிலேயே செத்துப்போகும்.

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

காலை 9:40

குமார் மாமா: வெளிநாட்டுக் கிளி வாங்கினால் சட்டப் பிரச்சினையே இல்லை. என் நண்பர் ஒருவர் சன் கான்யூர் வைத்திருக்கிறார். மஞ்சளும் ஆரஞ்சுமாக மாம்பழம் பறப்பதுபோல் இருக்கும். ஹேண்ட் டேம், அதாவது கைக்குப் பழகியது. தோளில் உட்கார்ந்து டீ கேட்கும்.

செல்வி அத்தை: டீ கேட்பதைத்தான் சொல்வார். அது கத்துகிற கத்தலைச் சொல்ல மாட்டார். அந்த வீட்டில் போனில் பேச வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குப் போகிறார்கள்.

ப்ரியா அக்கா: அத்தை சொல்வது சரி. கயானா, வட பிரேசில் பக்கத்துப் பறவை அது. கூட்டமாகப் பறக்கும்போது ஒன்றையொன்று கூப்பிடுவதற்கு அமைந்த குரல். நம் ஹாலுக்கு அது கொஞ்சம் அதிகம். கூண்டு வியாபாரத்துக்காகவே பிடித்துப் பிடித்து, காட்டில் இப்போது எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது. அப்புறம் மாமா, சட்டப் பிரச்சினை இல்லை என்று யார் சொன்னார்கள்? 2024-இல் விதி வந்துவிட்டது. இந்த மாதிரிப் பறவை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். உங்கள் நண்பர் பதிந்துவிட்டாரா?

குமார் மாமா: கேட்டுச் சொல்கிறேன்.

அப்பா: பக்கத்து வீட்டுக்காரர் நம் கிரைண்டர் சத்தத்துக்கே இரண்டு தடவை வந்துவிட்டார். சன் கான்யூர் வேண்டாம் அத்தான்.

அம்மா: அக்கா, ஆப்பிரிக்கன் கிரே? யூடியூபில் பார்த்தேன். வாக்கியமாகவே பேசுகிறது. – கவின்

பெரியப்பா: நானும் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் அலெக்ஸ் என்று ஒரு கிரே. நிறம் சொல்லும், வடிவம் சொல்லும், ஆறு வரை எண்ணும்.

ப்ரியா அக்கா: உண்மைதான் அப்பா. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய கிளி. 2007-இல் செத்துப்போனது. ஆனால் அதற்கு நாள் முழுக்க இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள். நம் வீட்டில் யார் உட்காருவார்கள்? சித்தப்பா கடைக்கு, சித்தி பள்ளிக்கூடத்துக்கு, நித்யா காலேஜுக்கு, கவின் டியூஷனுக்கு. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அப்பத்தா மட்டும்தான்.

செல்வி அத்தை: எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடியில் ஒரு கிரே இருந்தது. குக்கர் விசிலை அச்சு அசலாக அடிக்கும். அந்த வீட்டுப் பாட்டி ‘மூணு விசில் வந்தாச்சு’ என்று கேஸை நிறுத்திவிடுவார். திறந்தால் பருப்பு வெந்திருக்காது, இரண்டு விசில் கிளியுடையது. ஒரு மாதம் கடையில் போய்ப் பருப்புச் சரியில்லை என்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

நித்யா: 😂😂

செல்வி அத்தை: முழுக்கக் கேள். பிறகு மகன் வெளிநாடு போனான், மருமகளும் போனாள். பாட்டி மாலை முழுக்க சீரியல். யாரும் பேசுவதற்கு இல்லாமல் அது தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் நான் பார்த்தபோது தலையும் சிறகும்தான் கிளி மாதிரி இருந்தன. நடுவில் கடையில் உரித்துத் தொங்கவிட்ட கோழி. இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறதாம்.

ப்ரியா அக்கா: கிரே 40 வயதுக்கு மேலும் இருக்கும் கவின். உனக்கு இப்போது பத்து. நீ கல்யாணம் செய்து பிள்ளை பெற்று அந்தப் பிள்ளை காலேஜ் போகும்போதும் அது இருக்கும். இன்னொன்று, அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தில் (CITES) முதல் பட்டியலில் இருக்கிற பறவை. பேப்பர் சரியாக இல்லாத கிரேயைத் தொடவே கூடாது.

அப்பா: விலை 40 ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். இந்த மகன் 94-க்குப் பதில் 49 எடுத்திருக்கலாம்.

பகல் 12:15

நித்யா: காக்கட்டீல் கிளி எப்படி அக்கா? என் ஃப்ரெண்ட் வீட்டில் இருக்கிறது. கொண்டையைத் தூக்கித் தூக்கி விசிலடிக்கும். தலையைச் சாய்த்துக் கொடுக்கும், சொறிந்துவிட வேண்டும்.

ப்ரியா அக்கா: என்னைக் கேட்டால் முதல் பறவைக்கு அதுதான் என்று சொல்வேன். கத்தல் குறைவு, மனிதர்களோடு ஒட்டும், 15, 20 வருடம் இருக்கும், பதிவு வேலையும் கிடையாது. ஆனால் அதன் இறகிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூசி உதிரும். ஃபேன் ரெக்கையில், டிவி மேல், எல்லாவற்றிலும் படியும். சித்தப்பா, நீங்கள் இன்னும் இன்ஹேலர் எடுக்கிறீர்களா?

அம்மா: காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மார்கழியில் கணக்கே இல்லை.

ப்ரியா அக்கா: அப்போ காக்கட்டீல் வேண்டாம்.

அப்பா: நான் சமாளித்துக்கொள்வேன் ப்ரியா.

ப்ரியா அக்கா: வேண்டாம் சித்தப்பா. வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் யாருக்கோ தூக்கிக் கொடுப்பதற்கு வாங்காமலே இருக்கலாம்.

குமார் மாமா: அப்படியென்றால் மிச்சம் லவ் பேர்ட்ஸ்தான். ஜோடி 500, 600 ரூபாய். ஆனால் அவை பேசாதே.

ப்ரியா அக்கா: மாமா, நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூவி விற்பது லவ் பேர்டே இல்லை. அது பட்ஜி. ஆஸ்திரேலியப் பறவை. நிஜ லவ் பேர்ட் ஆப்பிரிக்காக்காரன், குட்டை வால், தடித்த மூக்கு, கடித்தால் ரத்தம் வரும். அப்புறம், பட்ஜி பேசாது என்று யார் சொன்னது? கலிபோர்னியாவில் பக் என்று ஒரு ஆண் பட்ஜி, 1,728 சொற்கள் தெரிந்திருந்தது என்று கின்னஸில் இருக்கிறது. பறவைகளிலேயே அதுதான் சாதனை.

அம்மா: அக்காாாா. அதுதான் வேண்டும். – கவின்

ப்ரியா அக்கா: பொறு. பேச வேண்டுமென்றால் இளசாக ஒரே ஒரு ஆண் வாங்க வேண்டும். தனியாக வளர்க்க வேண்டும். தினமும் ஒரே வார்த்தையைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஜோடியாக விட்டால் அவை இரண்டும் தங்களுக்குள் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொள்ளும், நம்மைக் கண்டுகொள்ளாது. தனியாக வைத்தால் பகலெல்லாம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்பா: அம்மா இருக்கிறார்களே.

அம்மா: அத்தையிடம் கேட்டீர்களா? எல்லாரும் சேர்ந்து அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள்.

இரவு 8:31

அப்பத்தா: 🎤 குரல் பதிவு 2:41

பெரியப்பா: பஸ்ஸில் இருக்கிறேன், ஹெட்போன் இல்லை. அம்மா என்ன சொல்கிறார்கள்? யாராவது எழுதுங்கள்.

நித்யா: எழுதுகிறேன் பெரியப்பா. ‘எங்க வீட்டில், மேலூர் பக்கம், ஒரு பச்சைக்கிளி இருந்தது. கோவைப்பழமும் மிளகாய்ப்பழமும் தின்னும். எங்க அம்மா தினமும் விடியற்காலையில், சரசு, எந்திரி, வாசல் தெளிக்கணும் என்று என்னை எழுப்பும். அதைக் கேட்டுக் கேட்டுக் கிளியும் அப்படியே சொல்லும். எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்த நாலாம் வருஷம் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டது. காரியத்துக்குப் போயிருந்தேன். திண்ணையில் படுத்திருக்கிறேன். இருட்டு பிரியவில்லை. சரசு, எந்திரி என்று எங்க அம்மா குரல். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு வாசல்வரைக்கும் போய்விட்டேன்.’

நித்யா: ‘அன்றைக்கே எங்க அண்ணன் கூண்டைத் திறந்துவிட்டது. அது எங்கேயும் போகவில்லை. ஓட்டு மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் என்னைக் கூப்பிட்டது. மூன்றாம் நாள் காணோம். அதனால் பேசாத கிளியாகப் பார்த்து வாங்குங்கள் ஐயா. நான் பகலெல்லாம் இருமிக்கொண்டு கிடக்கிறேன். அதைக் கற்றுக்கொண்டு நாளைக்கு நான் இல்லாத வீட்டில் இருமவா?’

செல்வி அத்தை: இத்தனை வருஷத்தில் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லையே.

பெரியப்பா: எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7:20

அம்மா: ப்ரியா அக்கா, ஜோடியாக வாங்கினால் பேசாதுதானே? நிச்சயமாகவா? – கவின்

ப்ரியா அக்கா: அனேகமாகப் பேசாது கவின்.

அம்மா: அப்போ ஜோடி. ஒன்று நீலம், ஒன்று பச்சை. – கவின்

ப்ரியா அக்கா: சரி. இரண்டையும் ஆணாகவே எடுங்கள். மூக்குத் துளை இருக்கிற சதை நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். ரொம்பக் குஞ்சாக இருந்தால் தெரியாது, கடைக்காரர் ஏமாற்றிவிடுவார். கூண்டு வட்டமாக வேண்டாம், அகலமாகப் பாருங்கள், அது மேல்நோக்கிப் பறப்பதைவிடக் குறுக்கேதான் அதிகம் பறக்கும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. வெளியே விடும்போது ஃபேன் சுவிட்சை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், நோயைக் கடைசிவரை மறைக்கிற ஜாதி அது.

அம்மா: சாப்பாடு?

ப்ரியா அக்கா: தினை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள் சித்தி. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், முளைகட்டிய பயறு. கூண்டில் ஒரு கணவாய் ஓடு தொங்கட்டும். பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் கிட்டவே வரக் கூடாது. சித்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்று. உங்கள் நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் காய்ந்துபோனால் வருகிற புகை பறவையை நிமிஷத்தில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது.

அம்மா: கிளி வாங்கச் சொன்னது யாரோ, தோசைக்கல் போவது எனக்கா?

பெரியப்பா: அம்மாவுடைய பழைய இரும்புக்கல் பரணில்தானே இருக்கிறது?

குமார் மாமா: கூண்டுக்குள் முட்டையிட ஒரு மண்பானை வாங்கிக் கட்டலாமா? அழகாக இருக்கும்.

ப்ரியா அக்கா: யாரும் பானை வாங்காதீர்கள். ஆண், பெண் பார்த்ததில் தப்பாகியிருந்தால் அடுத்த வருடம் இந்தக் குழுவில் எல்லார் வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு வரும்.

அப்பத்தா: 🎤 குரல் பதிவு 0:06

நித்யா: தினை கிலோ என்ன விலை என்று கேட்கிறார்கள். கடையில் கல் கலப்பான், புடைத்துத்தான் போட வேண்டுமாம்.

இரவு 8:50

அம்மா: இரும்புக்கல்லை இறக்கியாச்சு. துருவைத் தேய்த்து எண்ணெய் தடவி வெங்காயம் போட்டுப் பழக்கினேன். முதல் நாலு தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. வாக்குக் கொடுத்தவருக்கே அந்த நாலையும் வைத்துவிட்டேன்.