அஞ்சு வயசு முடிந்தால் குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டுமா?

பாப்பா அம்மா, திருப்பூர்:

வணக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரரை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. பாப்பா யு.கே.ஜி. படிக்கிறாள். வருகிற ஆவணியில் அஞ்சு முடிகிறது. "அஞ்சு முடிஞ்சா புள்ள அப்பனுக்கு, சட்டமே அப்படித்தான்" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாப்பா காதிலும் விழுந்துவிட்டது. "எனக்குப் பொறந்தநாள் வேண்டாம்மா" என்கிறாள்.

போன தை மாதம் வீட்டுக்காரர் அம்மா வீட்டு வாசலில் வந்து என்னை அடித்தார். மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். ரசீது தந்தார்கள், மூன்று தடவை கூப்பிட்டுப் பேசினார்கள், அவ்வளவுதான். இப்போது அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, கேஸை வாபஸ் வாங்கு, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி அத்துவிட்டுக்கொள்ளலாம், உன் பன்னிரண்டு பவுனும் வந்துவிடும் என்கிறார். பாப்பா பேச்சை எடுத்தால் மட்டும் "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பழைய குமாஸ்தா, ஈரோடு:

போடாதீங்க அம்மணி. வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்தோரு வருஷம் கேஸ் கட்டு தூக்கியவன் நான். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கல்யாணம் முறியாது. எங்கள் சாதி வழக்கம் என்பார்கள். அதையும் கோர்ட்டில் நிரூபித்தால்தான் செல்லும். அந்தப் பேப்பரை நம்பி மறுகல்யாணம் செய்துவிட்டு எங்கள் ஆபீஸ் திண்ணையில் அழுதவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

அஞ்சு வயது சமாச்சாரம் 1956ஆம் வருஷத்து இந்து மைனர் காப்பாளர் சட்டத்தில், ஆறாவது பிரிவில் வருகிறது. அஞ்சு நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. நிறைந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படை என்று எங்கேயும் சொல்லவில்லை. தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர் என்றும் அதே பிரிவில் இருக்கிறது, உங்கள் மாமியார் தரப்பு அதைப் பிடித்துத் தொங்கும். ஆனால் பதிமூன்றாவது பிரிவின்படி பிள்ளையின் நலன்தான் முதல். உங்கள் வீட்டுக்காரருக்குப் பிள்ளை வேண்டுமென்றால் கோர்ட்டில் ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது காப்பாளர் மனு, போட்டுக் கேட்கட்டும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது யார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார் என்றெல்லாம் ஜட்ஜ் பார்ப்பார். ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்க.

அப்புறம் அந்த ஸ்டேஷன் ரசீது. சி.எஸ்.ஆர். என்று இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். என்று இருக்கிறதா? சி.எஸ்.ஆர். என்றால் மனு வாங்கியதற்கான ரசீதுதான், இன்னும் கேஸே ஆகவில்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் கேஸ் பதிவாகிவிட்டது. புருஷன் வீட்டுக் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பி.என்.எஸ். என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 85ஆவது பிரிவு. அதை நீங்களே நினைத்தாலும் ஸ்டேஷனில் வாபஸ் வாங்க முடியாது. சமரசம் ஆனாலும் ரத்து செய்ய ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

மொட்டைமாடி, சேலம்:

நான் எதிர்த்தரப்பில் நின்றவன், அதனால் திட்டிவிடாதீர்கள். என்னைக் கைது செய்யவில்லை, நோட்டீஸ்தான் கொடுத்தார்கள். 2014இல் சுப்ரீம் கோர்ட் அர்னேஷ் குமார் வழக்கில், இந்த மாதிரி கேஸில் எடுத்ததும் கைது கூடாது என்று சொல்லிவிட்டது. என் மேல் போட்டதைப் பற்றி இங்கே வாதாட வரவில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் என் அக்கா பெயரையும் சேர்த்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் எங்கள் வீட்டில் தங்கியது மொத்தமே நாலு நாள். அடித்தவர் பெயரை எழுதுங்கள், சொந்தக்காரர் எல்லோரையும் இழுக்காதீர்கள். எங்கள் வக்கீல் முதலில் பிடித்ததே அந்த இடத்தைத்தான்.

மாதம் இரண்டு சனிக்கிழமை மகனைப் பார்க்கிறேன். முதல் தடவை கடலைமிட்டாயைப் பாதி கடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். பேசவில்லை. அவன் காதில் என்னென்ன விழுந்ததோ. பாப்பா முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் தங்கச்சி.

பாப்பா அம்மா, திருப்பூர்:

பீரோவில் இருந்து எடுத்துப் பார்த்தேன். சி.எஸ்.ஆர். என்றுதான் இருக்கிறது! இத்தனை நாளும் கேஸ் நடக்கிறது என்றே நினைத்திருந்தேன். இல்லாத கேஸை வாபஸ் வாங்கத்தான் அந்தப் பெரியவர் நாலு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போனாரா? ஐயா, கோர்ட்டுக்குப் போனால் எவ்வளவு நாள் ஆகும்? வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை.

பழைய குமாஸ்தா, ஈரோடு:

பணம் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்க, 15100க்கு ஃபோனும் செய்யலாம். அடித்ததற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டுமா என்பதையும் அந்த வக்கீலிடமே பேசி முடிவு செய்யுங்க.

ஒரு வருஷம் பிரிந்திருந்தாலே இரண்டு பேரும் சேர்ந்து, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் சம்மத விவாகரத்து மனு போடலாம். அப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த கேஸில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஆனால் அது ஜட்ஜ் கையில். பன்னிரண்டு பவுன், பாப்பா யாரிடம், மாதம் எவ்வளவு, அவர் எந்தக் கிழமை வந்து பார்ப்பார், எல்லாம் மனுவிலேயே இருக்கட்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு வரிகூட வேண்டாம்.

பாப்பா அம்மா, திருப்பூர்:

திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லியாச்சு ஐயா. தடுப்பூசி அட்டையில் ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது, பரவாயில்லையா?

பழைய குமாஸ்தா, ஈரோடு:

நம்பர் தெரிந்தால் போதும் அம்மணி. செலோடேப் ஒட்டாதீங்க, ஜெராக்ஸில் கறுப்பாக விழும்.