துரை பங்களா தூண்ல ‘பீல்ட்’னு இருக்கே, என்ன அர்த்தம்?

லயத்துப்பையன்:
வணக்கம் மக்களே, நாங்க மலேசியாவுல பத்து காஜா பக்கம். எங்க தோட்டத்து பழைய துரை பங்களா செம்பனைக்குள்ள பாழடைஞ்சு கெடக்கு, அது கேட்டு தூண்ல பீல்ட்னு (bield) இங்கிலீஷ்ல செதுக்கியிருக்கு. முதல் எழுத்து பி, எஃப் இல்ல. ஃபீல்டு நம்பர் போட வந்தவன் எழுத்த மாத்திட்டான்னு ஊர்ல சொல்றாங்க, ஆனா நம்பரே காணோமே! நெட்ல தேடுனா பழைய ஸ்காட்ஸ் (ஸ்காட்லாந்து பாஷை) வார்த்தை, சப்போர்ட்னு அர்த்தம்னு வருது. வீட்டுக்கு யாராச்சும் சப்போர்ட்னு பேர் வைப்பாங்களா லா?

அகராதிப்பைத்தியம்:
தாராளமா வைப்பாங்க தம்பி, அந்த அர்த்தம் ஒரே இடத்துல நிக்கல. இங்கிலீஷ்ல போல்டுன்னு (bold) சொல்றோமே, அதே வேர்தான் இதுக்கும், அதனால ஆதியில தைரியம், தெம்பு. தெம்பு குடுக்கிறது அப்படியே உதவி, ஆதரவு, அண்டி நிக்க ஒரு ஆளுன்னு ஆச்சு. 1700க்கு முந்தின எழுத்துலயே இந்த ஆதரவும் இருக்கு, ஒதுங்குற இடம்ங்கிறதும் இருக்கு, பிற்பாடு ஒதுங்குற இடம்தான் ஜெயிச்சது. குளிர் காத்துல ஆடு ஒதுங்குறதுக்கு மேட்டுல கல்லடுக்கி சுவர் வைப்பாங்க, அதுக்கும் பீல்டுதான் பேரு. பழைய ஏட்டுல ஈயும் (e) ஐயும் (i) இடம் மாறி beildனு வரும், அத பாத்து குழம்பாதீங்க.

ஈப்போ டீச்சர்:
ஸ்காட்லாந்து கவிஞர் பர்ன்ஸ் 1786ல ஏர் உழும்போது சாஞ்ச ஒரு டெய்சி பூவ பத்தி பாடினாரு, அதுல இந்த வார்த்தை வருது. தோட்டத்துப் பூவுக்கு மரமும் மதிலும் காவல், இந்தப் பூவுக்கு ஏதோ கெடச்ச மண்ணாங்கட்டி, இல்லன்னா கல்லு, அதோட மறைவுதான் பீல்டு. அவங்க ஊர்ல ஒரு பழமொழியும் உண்டு, எந்தப் புதர்ல ஒதுங்குறானோ அந்தப் புதருக்குத்தான் மனுஷன் கும்பிடு போடுவான்னு. நம்ம ஆளுங்க தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு நின்ன கதை தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு விளக்கவுரை வேணாம்.

மண்டோர் பேரன்:
டீச்சர் சொன்னதுல கொஞ்சம் உப்பு போடுறேன் 😄 ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டுன கதைதான் லா, ஒதுங்க வந்தவன் பங்களால இருந்தான், காட்ட அழிச்சு மரம் வெட்டுனவன் தொழிலாளிங்க லயத்து வீட்டுல இருந்தான். ஆனா ஊர் ஞாபகத்துல பேர் வைக்கிறது அவங்க பழக்கம்தான். உங்க பக்கத்துலயே பாருங்க, கெல்லி கோட்டை கட்டுன கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துல கெல்லஸ்ங்கிற ஊர்க்காரரு, தோட்டத்துக்கே கிந்தா கெல்லஸ்னு பேர் வச்சாரு, 1926ல லிஸ்பன்ல செத்துட்டாரு, கோட்டை அரைகுறையா நின்னுபோச்சு.

லயத்துப்பையன்:
அப்ப ஒதுங்குற இடம்னு வச்சா வீட்டுப் பேருக்கு சரியா பொருந்துது. நன்றி டீச்சர், நன்றி அண்ணே. தூணுக்கு கீழ பாசி புடிச்சு இன்னொரு வரி இருக்கு, ஞாயித்துக்கெழம பிரஷ் எடுத்துட்டுப் போய் தேய்ச்சுப் பாத்து போட்டோ போடுறேன், வருஷம் இருந்தா துரை யாருன்னு புடிச்சிரலாம்.