ஒரு போர்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்க முடியுமா? (ட்ரெல்லோ – ஸ்லாக் இணைப்பு)

கேள்வி – அசோக் நகர்
உள் அலங்கார வேலை எடுத்துச் செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. வேலைகளைப் போர்டில் கார்டுகளாக வைத்து நகர்த்தும் ட்ரெல்லோவில் ஒரு கார்டு நகர்ந்தால், அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் தகவல் வரும்படி ஓர் ஊழியர் இணைப்புச் செயலி ஒன்றை அமைத்திருந்தார். அவர் வேலையை விட்டதும் போர்டிலிருந்து அவர் பெயரை எடுத்தேன். அன்று மாலையே தகவல் நின்றுவிட்டது. என் கணக்கில் இணைக்கப் போனால், எல்லாப் போர்டுகளையும் படிக்கும், என் பெயரில் கருத்து எழுதும் என்று பட்டியல் நீள்கிறது. சம்பளப் போர்டும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தக் கை வரவில்லை.

பதில் – தரமணி
கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இணைத்துப் பாருங்கள்.

பதில் – பெருங்குடி
கடவுச்சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் செயலி பார்க்காது என்று அந்தத் திரையிலேயே போட்டிருக்கும். கைமாறுவது ஒரு டோக்கன், அதாவது கடவுச்சொல் இல்லாமலே செயலியை உள்ளே விடும் அனுமதிச் சாவி. அது கொடுத்தவரின் கண்ணால்தான் பார்க்கும். அவரைப் போர்டிலிருந்து எடுத்தீர்கள், அதற்கும் பார்வை போய்விட்டது.

ட்ரெல்லோ டோக்கனில் படிக்க, எழுத, கணக்கு விவரம் என மூன்று வகை அனுமதிகள் உண்டு. ஆயுளும் 1 மணி நேரம், 1 நாள், 30 நாள், காலவரையின்றி என மாறும். இவற்றைக் கேட்பது செயலி. போர்டு வாரியாகப் பிரித்துக் கொடுக்க உங்களுக்கு வழியில்லை. அதனால் சம்பளப் போர்டு உள்ள கணக்கில் இணைக்கவே வேண்டாம். அலுவலக மின்னஞ்சலில் தனிக் கணக்கு திறந்து, அந்த ஒரு போர்டில் மட்டும் சாதாரண உறுப்பினராகச் சேருங்கள். இணைக்கும்போது உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் உங்கள் கணக்கையே பிடித்துக்கொள்ளும். பலரும் வழுக்குகிற இடம் இதுதான்.

அசோக் நகர்
செய்துவிட்டேன் சார். ஸ்லாக்கின் பொதுச் சேனலில் தகவல் வருகிறது. தச்சு வேலைக்கான, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும் தனிச் சேனலில் மட்டும் வரவில்லை.

பெருங்குடி
அது ஸ்லாக் பக்கத்து அனுமதி. தனிச் சேனலுக்குள் செயலியை அழைத்தால்தான் அதனால் எழுத முடியும். உள்ளே இருக்கும் ஒருவர் அந்தச் சேனலில் சாய்கோடு போட்டு இன்வைட் கட்டளையுடன் செயலியின் பெயரைத் தட்டினால் போதும்.

இன்னொன்று மேடம்: இணைப்புச் செயலியிலேயே ஒரு கணக்கு இருக்குமே, அது யார் மின்னஞ்சலில் இருக்கிறது?

அசோக் நகர்
போனவரின் சொந்த ஜிமெயிலில்!

பெருங்குடி
அப்படியென்றால் ஸ்லாக்கில் எழுதும் அனுமதி இன்னும் அவர் கையில் இருக்கலாம். நிர்வாகப் பக்கத்தில் செயலிகள் பட்டியலைத் திறந்து பழைய அனுமதியை ரத்து செய்யுங்கள். புதிய இணைப்பும் அதோடு அறுந்தால் அலுவலகக் கணக்கிலிருந்து மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.